கடலுக்குள் போன லாட்டரிப் பணம்

பழைய சுவர், புதுப் பணம் – தொடர் 9

2017 அக்டோபர் 31. பிரிட்டனில் கட்டடக் கலைக்கான மிகப் பெரிய விருது ஸ்டிர்லிங் பரிசு. அந்த ஆண்டு அது ஏறத்தாழ வெறும் தளமாகவே இருந்த ஒன்றுக்குப் போனது. இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊர். அங்கே கரையிலிருந்து கடலுக்குள் ஏறத்தாழ 280 மீட்டர் நீளும் கடற்பாலம். மேலே மரப்பலகை, கீழே இரும்புக் கால்கள், நடுவில் ஒரு சிறிய பார்வையாளர் கூடம். எரிந்து கிடந்ததை ஊர் மக்களே மீட்டெடுத்தார்கள் என்று நடுவர்கள் பாராட்டினார்கள். நவம்பர் முடிவதற்குள் பாலத்தை நடத்திவந்த அறக்கட்டளை கையை விரித்துவிட்டது. கணக்கைத் தீர்க்க வெளியிலிருந்து நிர்வாகிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

சென்ற வாரங்களில் பழைய கட்டடங்களுக்குப் பணம் கிடைக்காத கதைகளைப் பார்த்தோம். இது பணம் கிடைத்த கதை. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. தேசிய லாட்டரியின் பாரம்பரிய நிதியம் மட்டும் ஒரு கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தது. ஆகவே இந்த வாரம் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும், வந்த பிறகும் ஏன் போதவில்லை என்பதையும் பார்க்கலாம். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல 1946 வரை பின்னால் போக வேண்டியிருக்கிறது.

போர் முடிந்த கையோடு பிரிட்டனின் நிதியமைச்சர் ஹியூ டால்டன் ஒரு காரியம் செய்தார். போருக்கு வாங்கி மிச்சமான தளவாடங்களை விற்ற பணத்தில் 5 கோடி பவுண்டை ஒதுக்கி, தேசிய நில நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார். போரில் மாண்டவர்களுக்குக் கல்தூண் நடுவதைவிட, அவர்கள் காத்த நாட்டின் நிலத்தையும் வீடுகளையும் காப்பதே நல்ல நினைவுச் சின்னம் என்பது அவர் எண்ணம். எண்ணம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாவி கருவூலத்திடம் இருந்தது. வருடக் கணக்கில் அந்தப் பணம் பெரும்பாலும் செலவே ஆகவில்லை. செலவாகாத பணம் நிதியமைச்சகத்தின் கண்ணை உறுத்தாமல் இருக்குமா? 1957இல் நிதியின் பெரும்பகுதியை அரசே திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு கோடியை மட்டும் விட்டுவைத்தது.

இருபது வருடம் கழித்து அதற்கான விலையைக் கொடுத்தார்கள். மென்ட்மோர் என்ற மாளிகை, ராத்சைல்ட் குடும்பத்துக்காக ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்தது. பின்னாளில் அதன் உரிமையாளரான ரோஸ்பெரி பிரபு 1974இல் இறந்ததும் வாரிசு வரிக்கு ஈடாக மாளிகையையும் அதிலுள்ள அத்தனை கலைப்பொருட்களையும் 20 லட்சம் பவுண்டுக்கு அரசுக்குத் தருவதாகக் குடும்பம் சொன்னது. அரசு தயங்கியது, பிறகு மறுத்தது. 1977இல் சாத்தபீஸ் நிறுவனம் பொருட்களை மட்டும் ஏலம் விட்டது. 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேறு யாரோ வரைந்தது என்று பட்டியலில் போட்டிருந்த ஓர் ஓவியத்தைக் கண்ணுள்ள ஒரு வியாபாரி 8,000 பவுண்டுக்கு எடுத்தார். அது பிரெஞ்சு ஓவியர் ஃபிராகோனாரின் கைவண்ணம். அடுத்த வருடமே லண்டன் தேசிய ஓவியக்கூடம் அதை 4,95,000 பவுண்ட் கொடுத்து வாங்கியது. மாளிகையோடு சேர்த்து மலிவாக வந்திருக்க வேண்டிய படம்.

இந்த அவமானத்தின் பிள்ளைதான் 1980இல் பிறந்த தேசியப் பாரம்பரிய நினைவு நிதியம். இந்த முறை பணத்தைக் கருவூலத்தின் கையில் விடவில்லை. தனி அறங்காவலர்களிடம் கொடுத்தார்கள். 1994 நவம்பரில் தேசிய லாட்டரியின் முதல் குலுக்கல் நடந்தபோது, பாரம்பரியத்துக்கான பங்கைப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் அதே அறங்காவலர்களிடம் வந்து சேர்ந்தது. டிக்கெட் விற்பனையில் ஒரு பங்கு நற்காரியங்களுக்கு ஒதுக்கப்படும். அதில் இன்று 20 சதவீதம் பாரம்பரியத்துக்கு. இதுவரை 800 கோடி பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது. தேவாலயக் கூரை, நீராவி ரயில், சதுப்பு நிலம், சுரங்கத் தொழிலாளர் மண்டபம், கடற்பாலம் எல்லாம் அதில் அடக்கம்.

தமிழ்நாட்டில் 1968இல் அரசுப் பரிசுச்சீட்டு வந்தபோது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்றார்கள். பிரிட்டனிலும் ஏறக்குறைய அதே நியாயம்தான். நாம் 2003இல் லாட்டரியை ஒழித்துவிட்டோம். அவர்கள் நடத்துகிறார்கள். சூதாட்டப் பணம் கூடாது என்று தொடக்கத்தில் மறுத்த திருச்சபைகள் அங்கே உண்டு. டிக்கெட் வாங்குபவர்களில் ஏழைகள் அதிகம், அந்தப் பணத்தில் பிரபுக்களின் மாளிகைக்கு ஓடு மாற்றுவதா என்ற கேள்வியும் எழுந்தது. 1995இல் சர்ச்சில் குடும்பத்தின் காகிதக் கட்டுகளை வாங்க ஒரு கோடியே 25 லட்சம் பவுண்ட் கொடுத்ததும் நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பு நல்லதுக்குத்தான் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு நிதியம் மாளிகையை விட்டுத் தெருவுக்கு இறங்கியது. கல்லைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஆளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தது.

இன்று விண்ணப்பம் எழுத உட்காரும் ஒரு சிறிய அறக்கட்டளை முதலில் சொல்ல வேண்டியது, இந்தக் கட்டடத்தால் யாருக்கு என்ன பயன், இதுவரை உள்ளே வராத யாரெல்லாம் இனி வருவார்கள் என்பதைத்தான். எத்தனை விரிசல், எத்தனை தூண் என்பதெல்லாம் பிறகு. பெரிய தொகை என்றால் இரண்டு சுற்று. முதல் சுற்றில் தேறினால் வரைபடமும் மதிப்பீடும் வணிகத் திட்டமும் தயாரிக்க மட்டும் ஒரு தொகை வரும். ஒன்றிரண்டு வருடம் அதிலேயே ஓடும். இரண்டாம் சுற்றிலும் தேறினால்தான் கொத்தனார். பணம் மொத்தமாகக் கைக்கு வராது. வேலை நடக்க நடக்க, கணக்குக் காட்டக் காட்ட வரும். கடைசி 10 சதவீதத்தை வேலை முடியும்வரை பிடித்து வைத்துக்கொள்வார்கள். அறக்கட்டளையும் தன் பங்காக ஏதாவது போட வேண்டும். கையில் காசு இல்லாதவர்கள் தன்னார்வலர்களின் உழைப்பைக் கணக்கில் காட்டலாம்.

அந்தச் ‘சொந்தப் பங்கு’ கணக்கில் என் கண்ணில் பட்ட ஒரு வரி உண்டு. திட்டம் முடிந்த பிறகு ஐந்து வருடம் வரை கட்டடத்தைப் பராமரிக்கக் கூடுதலாக ஆகும் செலவையும் விண்ணப்பதாரர் தன் பங்காகக் காட்டலாம் என்று விதி அமைத்திருந்தார்கள். நாளைக்கு நான் எப்படியாவது பராமரிப்பேன் என்ற வாக்குறுதி இன்றைக்கு வரவாகப் பதிவாகிறது. ஏமாற்று என்று இதைச் சொல்ல மாட்டேன். ஏழை அறக்கட்டளைகளுக்குக் கதவு திறக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனால் பராமரிப்புச் செலவு யார் தலையில் விழும் என்பதை அந்த ஒரு வரி காட்டிக்கொடுக்கிறது.

இனி ஹேஸ்டிங்ஸ். புதுச்சேரியில் 2022இல் ஒரு பகுதி இடிந்து விழுந்த பழைய கடற்பாலத்தை அறிந்தவர்களுக்கு உருவம் பிடிபடும். ஆனால் புதுச்சேரிப் பாலம் சரக்கு இறக்க. இது உல்லாசத்துக்கு. ரயில் வந்ததும் கடற்கரைக்குக் குவிந்த லண்டன்வாசிகள் கடலின் மேல் நடந்துபார்க்க, பாட்டுக் கேட்க என்று விக்டோரியா காலத்து இங்கிலாந்து ஊருக்கு ஊர் இப்படிக் கட்டித் தள்ளியது. அதில் கைதேர்ந்தவர் யூஜீனியஸ் பர்ச் என்ற பொறியாளர். ஹேஸ்டிங்ஸ் பாலமும் அவருடையதே. 1872 ஆகஸ்ட் 5 அன்று திறந்தார்கள். 1917இல் முனையிலிருந்த அரங்கம் எரிந்தது. மறுபடி கட்டினார்கள். 1960களில் ரோலிங் ஸ்டோன்ஸும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் அங்கே வாசித்தார்கள். பிறகு மலிவு விலையில் ஸ்பெயினுக்கு விமானம் கிடைத்ததும் ஆங்கிலேயர்கள் தங்கள் கடற்கரைகளை மறந்தார்கள். பாலம் கைமாறிக் கைமாறி, கடைசியில் பனாமாவில் பதிவான ஒரு நிறுவனத்தின் சொத்தாயிற்று. 2008இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். 2010 அக்டோபர் 5 அதிகாலை தீப்பிடித்து மேல்கட்டுமானத்தில் 95 சதவீதம் சாம்பலானது.

ஊர் விடவில்லை. பாலத்தைக் காக்கத் தீக்கு முன்பே ஒரு குழு இயங்கிக்கொண்டிருந்தது. ஊர்வலம், வசூல், மனு என்று எல்லாம் செய்தார்கள். 2013இல் நகரசபை கட்டாயக் கொள்முதல் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பாலத்தைக் கைப்பற்றி அறக்கட்டளைக்கு மாற்றிக் கொடுத்தது. அறக்கட்டளை பங்குகளும் வெளியிட்டது. லாபப் பங்கு எதிர்பார்த்து யாரும் வாங்கவில்லை. நம்மூர்க் கூட்டுறவுச் சங்கம் போல எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. ஏறத்தாழ 3,000 பேர் சேர்ந்து 6 லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டார்கள். லாட்டரிப் பணத்தோடு மற்றவையும் சேர்ந்து மொத்தத் திட்டம் ஒரு கோடியே 42 லட்சம்.

அதில் பெரும்பகுதி எங்கே போனது என்று பாலத்தின் மேல் நின்று பார்த்தால் தெரியாது. அலைக்கு அடியில் போனது. துருப்பிடித்த கால்கள், முறிந்த குறுக்குச் சட்டங்கள், கடல் வற்றும் சில மணி நேரத்தில் மட்டுமே செய்ய முடிந்த வேலைகள். மேலே கட்ட மிஞ்சியது கொஞ்சம்தான். கட்டடக் கலைஞர்கள் டிஆர்எம்எம் அதையே ஒரு கொள்கையாக்கினார்கள். முனையில் பெரிய கட்டடம் வேண்டாம், திறந்த தளமாக விடுவோம், சர்க்கஸ் வரட்டும், சந்தை வரட்டும், கச்சேரி வரட்டும் என்றார்கள். தீயில் தப்பிய பழைய மரப்பலகைகளைக் கூடத்தின் சுவரிலும் இருக்கைகளிலும் பயன்படுத்தினார்கள். 2016 ஏப்ரலில் திறந்தபோது நுழைவு இலவசம்.

அழகான முடிவு. வரவு செலவுப் புத்தகத்துக்கு அழகில்லாத முடிவு. தளம் திறந்திருந்தால் காற்றும் மழையும் திறந்தே வரும். ஆங்கிலக் கால்வாயில் குளிர்காலம் நீளமானது. கச்சேரி ரத்தானால் அன்றைய வரும்படியும் ரத்து. கூரைக்கு அடியில் கடை வைத்து மாத வாடகை வாங்க இடம் குறைவு. ‘பலகை’ என்று ஊரில் சிலர் கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். இன்னொரு பக்கம் உப்புக்காற்றுக்கு விடுமுறை கிடையாது. காப்பீடு, காவல், சம்பளம், இரும்புக் கால்களைப் பார்வையிடும் ஆட்கள் எல்லாம் வாரம் தவறாத செலவு. அடுத்த சில வருடங்களைத் தாண்ட உதவி வேண்டும் என்று அறக்கட்டளை கொடையாளர்களிடம் திட்டம் கொண்டுபோனது. பணம் வரவில்லை.

2018இல் நிர்வாகிகள் பாலத்தை விற்றார்கள். ஊர்க்காரர்கள் மறுபடியும் ஒன்று சேர்ந்து இணையத்தில் 4 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியிருந்தார்கள். ஆனால் பாலம் போனது பக்கத்து ஈஸ்ட்பர்ன் ஊரின் கடற்பாலத்தை ஏற்கெனவே வைத்திருந்த ஓட்டல் அதிபருக்கு. விலை 60,000 பவுண்ட் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு கோடியே 42 லட்சம் போட்ட இடத்துக்கு 60,000! படித்தவுடன் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்த விலையில் ஒரு தர்க்கம் இருக்கிறது. வாங்குபவர் சொத்தை மட்டும் வாங்கவில்லை. கடலில் நிற்கும் கால்களைக் காலமெல்லாம் பராமரிக்கும் சுமையையும் சேர்த்து வாங்குகிறார். பக்கத்து பிரைட்டனில் இதே பர்ச் கட்டிய மேற்குப் பாலத்தை 1983இல் ஓர் அறக்கட்டளை வாங்கிய விலை 100 பவுண்ட். அதற்கும் லாட்டரி நிதியம் பெருந்தொகை அறிவித்தது. வேலை தொடங்குவதற்குள் 2002இல் ஒரு பகுதி சரிந்தது, 2003இல் இரண்டு முறை தீப்பிடித்தது. நிதியம் விலகிக்கொண்டது. இன்று அங்கே நிற்பது இரும்பு எலும்புக்கூடு.

நிதியத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆயிரக்கணக்கான இடங்களுக்குப் பணம் கொடுக்கும் ஓர் அமைப்பு, ஒவ்வொன்றின் மின்கட்டணத்தையும் காவலாளி சம்பளத்தையும் ஏற்றுக்கொண்டால் சில வருடங்களில் புதிதாக ஒருவருக்கும் கொடுக்க எதுவும் மிஞ்சாது. தவிர, அரசும் நகரசபையும் செய்ய வேண்டியதை லாட்டரிப் பணம் செய்யக் கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே சொல்லப்பட்ட கொள்கை. ஆனால் கொடுப்பவர்களுக்கு ஒரு பலவீனமும் உண்டு. திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட ஆள் கிடைக்கும், புகைப்படம் வரும், பெயர்ப்பலகை வைக்கலாம். துருவைச் சுரண்டிச் சாயம் பூசியதற்கு எந்த அமைச்சர் வந்து நாடா வெட்டுவார்?

இந்த நோயைச் சோழர் காலத்துக் கொடையாளி அறிந்திருந்தார். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்றால் விளக்கைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்தார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு அதைக் குறிக்கும்.

பிரிட்டனிலும் இதைக் கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் முதன்முதலாக வாங்கிய கட்டடம், ஹேஸ்டிங்ஸ் இருக்கும் அதே சசெக்ஸ் வட்டாரத்தில் ஆல்ஃப்ரிஸ்டன் என்ற சிற்றூரின் பழைய பாதிரியார் வீடு. 1896இல் 10 பவுண்ட். பழுது பார்க்க அதைப்போலப் பல மடங்கு தேவைப்பட்டது. பின்னால் மாளிகைகள் இலவசமாக வந்து குவிந்தபோது இலவசம் எவ்வளவு விலை கூடியது என்பது அவர்களுக்குப் புரிந்தது. அதன் பிறகு சோர்லி என்பவர் ஒரு சூத்திரம் வகுத்தார். ஒரு வீட்டுக்கு இனி வரும் காலமெல்லாம் என்ன வருமானம், என்ன செலவு என்று கணக்குப் போட்டு, துண்டு விழும் தொகையை வட்டியிலிருந்தே ஈடுகட்டும் அளவுக்கு மூலதனமும் சேர்ந்து வந்தால்தான் வீட்டை ஏற்பது. வராவிட்டால் எவ்வளவு அழகான வீடானாலும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவது. இரக்கமில்லாத விதி என்று திட்டியவர்கள் உண்டு. அந்த அமைப்பு நிலைத்து நிற்பதில் இந்த விதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பேன்.

லாட்டரி நிதியத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2012 வாக்கில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அறக்கட்டளை தன் நன்கொடையாளர்களிடம் மூலதன நிதி திரட்டினால் அதற்கு ஈடாக நிதியமும் போடும். அசலைத் தொடக் கூடாது, வட்டியில் வாழலாம். ஆனால் இதில் பயனடைய முதலில் பணக்கார நண்பர்கள் வேண்டும். ஹேஸ்டிங்ஸ் போன்ற வறுமைப்பட்ட கடற்கரை ஊருக்கு அது எட்டாத கிளை. 2020இல் கொரோனா வந்து எல்லா வாசல்களையும் அடைத்தபோதுதான் வழக்கம் உடைந்தது. நிதியம் புதிய திட்டங்களை நிறுத்தி வைத்துவிட்டு, 5 கோடி பவுண்ட் அவசர நிதியை ஒதுக்கி, பழைய இடங்கள் உயிரோடு இருக்கத் தேவையான அன்றாடச் செலவுக்கே கொடுத்தது. கொடுக்க முடியாது என்பது இயற்கை விதி அல்ல, எடுத்த முடிவுதான் என்று அப்போது வெளிப்பட்டது.

கடற்பாலம் என்றாலே மூழ்கும் முதலீடு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இங்கிலாந்தின் மேற்குக் கரையில் கிளிவ்டன் என்ற ஊர் இருக்கிறது. 1869இல் திறந்த பாலம், பழைய ரயில் தண்டவாளங்களைக் கொண்டு செய்த மெல்லிய கால்கள். 1970இல் எவ்வளவு எடை தாங்கும் என்று சோதிக்கப் போய் ஒரு பகுதி கடலில் விழுந்தது. நகரசபை இடிக்க அனுமதி கேட்டது. ஊர் எதிர்த்தது, 1980இல் பொது விசாரணை நடந்தது, பாலம் பிழைத்தது. 1980இல் பிறந்ததாக மேலே சொன்ன நினைவு நிதியமும் கைகொடுக்க, 1989இல் கரைப்பகுதி திறந்தது. முனைப்பகுதிக்கு லாட்டரிப் பணம் வந்து 1998இல் வேலை முடிந்தது. அங்கே நுழையக் கட்டணம் உண்டு. பலகைகளிலும் இருக்கைகளிலும் சிறிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். அம்மாவின் நினைவாக, முதல் திருமண நாளுக்காக என்று மக்கள் பணம் கட்டிப் பெயர் பொறித்துக்கொள்கிறார்கள். தகடு சின்னது, வரும் தொகையும் சின்னது. ஆனால் விற்பனை நிற்பதில்லை.

கிளிவ்டனில் மெதுவாக, துண்டு துண்டாக, இருபது வருடத்தில் நடந்ததை ஹேஸ்டிங்ஸ் சில வருடங்களில் ஒரே மூச்சில் செய்தது. ஒரே மூச்சில் செய்யச் சொன்னது பணத்தின் வடிவம். ஹேஸ்டிங்ஸில் முதல் நாளே வாசலில் ஒரு பவுண்ட் வாங்கியிருந்தால் போதுமா என்று கேட்டால், போதாது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்டிருக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இடிந்த கோட்டையை மீட்டு, அதற்குள் ஒரு வீடு கட்டி, வார வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் கோட்டையைக் காக்கும் வழி. 2013இல் அதே ஸ்டிர்லிங் பரிசை வாங்கிய ஆஸ்ட்லி கோட்டையும் லாட்டரிப் பணம் பெற்றதுதான். அதை மீட்ட லேண்ட்மார்க் டிரஸ்டின் கணக்குப் புத்தகத்தை அடுத்த வாரம் பிரிக்கலாம்.

(தொடரும்)